வெங்காயத்துக்காக ஓடியவர்கள்

சான் ரோக்கே திருநாள் ஓட்டத்துக்குச் சரியாக எழுபத்து நான்கு மணி நேரம் இருந்தபோது, செனோன் மாமா தன் பாதாம் தோப்பின் கம்பிக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். நான் அப்போது தோப்பு மதிலில் மஞ்சள் பெயின்டால் அம்புக்குறி வரைந்துகொண்டிருந்தேன்.

"என்னடி வரையுற?"

"அம்பு, மாமா."

"எந்தப் பக்கம் காட்டுது?"

"உங்க தோப்புக்குள்ள."

"அத உங்கம்மா குண்டிப் பக்கம் திருப்பு."

சொல்லிவிட்டுச் சாவியைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டார். விழுங்கிவிட்டார் என்று அன்று பாரில் பேசிக்கொண்டார்கள். இல்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். சாவி வாயில் இருந்ததால் அதற்கு மேல் அவரால் என்னைத் திட்ட முடியவில்லை.

எங்கள் ஊரான வால்தெகார்தோவில் நாங்கள் அறுபத்தொரு பேர் இருக்கிறோம். அது தவிர நானூறு பன்றிகள். அவை எங்கள் வீட்டுப் பன்றிகள். நான் சரகோசா நகரத்தில் நிலவியல் படித்தேன். கற்களைப் பற்றிய படிப்பு. முடித்துவிட்டு இரண்டு வருடம் அங்கேயே வேலை தேடினேன், கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் ஊராட்சியில் ஆறு மாத வேலை ஒன்று கிடைத்தது: வெளியூர்க்காரர்கள் வந்து ஓடுவதற்கு வழித்தடம் குறிக்க வேண்டும். ஊர்த் தலைவி என் அம்மா ப்ரெசென். இதைப் பற்றி ஊரில் யாரும் முகம் சுளிக்கவில்லை. வேறு யாரும் விண்ணப்பிக்கவும் இல்லை.

மூன்று தடங்கள் குறித்தேன். நீலம் நான்கு கிலோமீட்டர், நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு. சிவப்பு இருபத்தொன்று, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்களுக்கு. மஞ்சள் ஒன்பது புள்ளி நான்கு. அதுதான் அழகானது. கோயில் முற்றத்தில் தொடங்கி, பைன் காட்டில் ஏறி, வறண்ட ஆற்றோரம் இறங்கி, பாதாம் தோப்பு வழியாகக் களத்துமேட்டுக்கு வரும்.

பலகைகளில் எழுத இடப்பெயர்கள் வேண்டும் என்று மாகாணச் சுற்றுலா அலுவலகம் கேட்டது. அனுப்பினேன். பாதிரியார் குண்டி, செத்த கழுதை, மூத்திரப் பள்ளம், மாமியார் விழுந்த இடம். இவற்றைவிட அழகான பெயர்கள் இல்லையா என்று திரும்பி வந்தது. அம்மா பதில் எழுதினாள்: "இடங்கள் அழகாக இருக்கின்றன. பெயரையும் நாங்களேதான் வைத்தோம், பொறுத்துக்கொள்ளுங்கள்."

இந்த வருடம் சான் ரோக்கே ஓட்டத்தை மஞ்சள் தடத்தில் நடத்துவது என்று முடிவானது. அதுவரை களத்துமேட்டைச் சுற்றித்தான் ஓடுவோம். ஐம்பத்தெட்டு பேர் பதிந்திருந்தார்கள். அதில் நாற்பது பேர் வெளியூர்.

முதல் மூன்று பேருக்கு ஆளுக்கொரு சேவல். உயிருள்ள சேவல். வெளியூர்க்காரர்கள் ஜெயித்துவிட்டு அதை எப்படிக் காரில் ஏற்றுவது என்று விழிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் சேவலுக்காக ஓடுவதில்லை. எங்களுக்கு வேண்டியது வெங்காயம்.

கடைசியாக வருபவருக்கு ஒரு வெங்காயம். அதை ஊர் முன்னால் பச்சையாகக் கடித்து, மென்று, விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு ஒரு விஷயம் சொல்லலாம். யாரைப் பற்றியும் சொல்லலாம், எதைப் பற்றியும் சொல்லலாம். யாரும் குறுக்கே பேசக் கூடாது. அடுத்த சான் ரோக்கே வரை அதற்காக அவரிடம் கோபித்துக்கொள்ளவும் கூடாது. ஒரு வருடம் ரொட்டிக்காரர் தன் ரொட்டியில் பாதி மரத்தூள் என்று சொன்னார். மறுநாளும் எல்லோரும் அவரிடமே வாங்கினார்கள், வேறு ரொட்டிக்காரர் இல்லை. என் சித்தி ஒரு வருடம் தன் கணவர் பாடினால் நாய்கள் ஏன் ஓடுகின்றன என்று விளக்கினாள். அவர் இன்றுவரை பாடவில்லை. நாய்கள் திரும்பி வந்துவிட்டன.

இதனால் எல்லோருக்கும் கடைசியாக வர ஆசை. முன்பு பாதியில் படுத்துத் தூங்கிவிடுவார்களாம். ஓட்டம் மறுநாள் வரை நடந்திருக்கிறது. அதனால் பின்னால் ஆடுகளை விடும் வழக்கம் வந்தது. இத்ரிஸ் மேய்க்கும் முந்நூறு ஆடுகள் ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் அவை பாட்டுக்கு நடந்து வரும். ஆடுகள் முந்திவிட்டால் ஆள் ஆட்டத்தில் இல்லை. ஆக, கடைசியாக வர வேண்டும், ஆனால் ஆட்டுக்கு முன்னால் வர வேண்டும். பார்க்க எளிதாக இருக்கும். ஆடுகளின் வேகம் ஆடுகளுக்கே தெரியாது.

வெங்காயம் செனோன் மாமா தோட்டத்திலிருந்து வரும். ஊரிலேயே காரமான வெங்காயம் அவருடையது. அவரைப் போலவே இருக்கும் என்பார்கள்.

கதவு பூட்டிய செய்தி பாருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அம்மா அங்கே இருந்தாள்.

"கிழவனுக்கு என்ன கேடு? என் தாத்தா காலத்துலேந்து அந்த வழியா நடக்குறோம்."

"உங்க தாத்தா கட்டில விட்டு எறங்குனதே இல்லையே, ப்ரெசென்," என்றார் லிசினியோ. பார் அவருடையது. கனத்த உடம்பு. மூன்று வருடமாக வெங்காயம் அவருக்குத்தான்.

"நீ காபி போடு. பேசாத."

விஷயம் இதுதான். எங்கள் ஊருக்கு மந்தைப் பாதை ஒன்று உண்டு. பழைய காலத்தில் ஆடுகள் குளிர்காலத்துக்குத் தெற்கே போன பொதுவழி. மாகாண அலுவலகக் கோப்பில் அது இருக்கிறது. அது செனோன் தோப்பு வழியாகத்தான் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அறுபது வருடமாக எல்லோரும் அந்த வழியாக நடந்திருக்கிறார்கள். செனோன் மாமா மட்டும் அது தன் தோப்பில் போகவில்லை என்கிறார். ஆதாரம் கேட்டால், "எங்கப்பா சொன்னாரு" என்கிறார். அவர் அப்பா மது நிரப்பிய தோல்பைக்குள் மாதாவைப் பார்த்ததாகவும் சொன்னவர். அதனால் எடுபடவில்லை. அலுவலகத்துக்குப் போய்க் காகிதம் வாங்கி வரலாமே என்றால், "என் நெலம் என்னுதுன்னு அவன் சொல்லணுமா?" என்பார். அதனால் போகவே இல்லை.

சட்டப்படி அந்தப் பாதையின் அகலம் முப்பத்தேழு மீட்டர் அறுபத்தொரு சென்டிமீட்டர். தோப்பின் அகலம் நாற்பது. பாதை அங்கேதான் என்று முடிவானால் செனோன் மாமாவுக்கு மிஞ்சுவது ஒரு வரிசை மரம். நூற்று நாற்பது மரங்கள் போய்விடும். அவருக்கு எழுபத்தொரு வயது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. மரங்களைத்தான் பெயர் சொல்லித் திட்டுவார்.

"பதினாறாம் தேதி பன்னெண்டு மணிக்கு ஊர்க்கூட்டம்," என்றாள் அம்மா. "ஓட்டம் முடிஞ்சதும். எல்லாரும் கோயில் முற்றத்துலதான் இருப்பீங்க. கை தூக்குங்க, முடிஞ்சுது. பாதை பொதுப்பாதை. மூணு கெழவங்க சாட்சி சொல்றேன்னுட்டாங்க."

மூன்று கிழவர்களும் பொய்யர்கள் இல்லை. அறுபது வருடமாக அங்கேதான் நடந்தார்கள். அதைத்தான் சொல்லப்போகிறார்கள்.

என்னிடம் ஒரு காகிதம் இருந்தது. மே மாதமே மாகாண ஆவணக் காப்பகத்துக்கு எழுதி 1957-ஆம் வருட வரைபடத்தின் நகலை வாங்கியிருந்தேன். தடம் குறிக்க உதவும் என்று நினைத்தேன். அதை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். மூன்று முறை அளந்தேன். நான்கு மீட்டர் தவறு இருக்கலாம். அதற்கு மேல் இல்லை. செனோன் மாமா சொல்வது சரி. மந்தைப் பாதை அவர் தோப்பைத் தொடவே இல்லை.

அது வேறிடத்தில் போனது. எங்கே என்று தெரிந்த நாளிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

பதினான்காம் தேதி மாலை பன்றிக் கொட்டகையில் அம்மாவைப் பிடித்தேன். வேலை முடித்து வெளியே வந்து, வாசலில் இருக்கும் சிவப்புக் கல் படியில் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பூட்ஸில் ஒட்டிய பன்றிப் பீயை அந்தப் படியில் வழித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். தாத்தா கொட்டகை கட்டிய நாளிலிருந்து அது வழக்கம்.

"அம்மா, அந்தப் பாதை விஷயமா ஒரு பேப்பர் வந்துருக்கு."

"பேப்பரா?"

"பழைய வரைபடம்."

"இசார்பே, நாளான்னிக்கு ஐம்பத்தெட்டு பேர் வர்றாங்க. கக்கூஸ் ரெண்டுதான் இருக்கு. உன் பேப்பர அங்க வை, உதவும்."

"இல்லம்மா, நெஜமாவே..."

"பதினேழாம் தேதி பாக்குறேன்."

"பதினாறாம் தேதியே ஓட்டெடுப்பு முடிஞ்சுடுமே."

"அதத்தான் சொல்றேன்."

மற்றொரு காலையும் தேய்த்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரிந்துதான் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை. அம்மா கெட்டவள் இல்லை. அவள் இல்லாவிட்டால் இந்த ஊரில் பார் இருக்காது, மருத்துவர் வாரம் ஒருமுறை வர மாட்டார், தெருவிளக்கு எரியாது. எல்லாவற்றையும் சத்தம் போட்டே வாங்கினாள்.

எனக்குக் குரல் சின்னது. பல்கலைக்கழகத்தில் ஆய்வறிக்கை வாசித்தபோது கடைசி வரிசையில் இருந்த பேராசிரியர் எழுந்து முதல் வரிசைக்கு வந்தார். அங்கேயும் கேட்கவில்லை போலிருக்கிறது, "பரவாயில்லை, எழுதியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊர்க்கூட்டத்தில் அறுபது பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நான் எழுந்து நின்றால் நாற்காலி கேட்கிறேன் என்று நினைப்பார்கள்.

வெங்காயம் தின்றவர் பேசும்போது மட்டும்தான் வால்தெகார்தோ வாயை மூடும்.

அதனால் நானும் ஓட்டத்தில் பெயர் கொடுத்தேன். ஐம்பத்தொன்பது.

பதினாறாம் தேதி காலை ஆறு மணிக்கு அம்மா இரும்பு வெட்டும் பெரிய கத்தரி ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் சங்கிலியை வெட்டினாள். ஆறரை மணிக்கு செனோன் மாமா டிராக்டரில் வந்து தோப்பின் நீளத்துக்கும் கோழி எரு கொட்டினார். கணுக்கால் ஆழம். தன் நிலத்துக்குத் தான் எரு போடுவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. பிறகு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தோப்பு நடுவில் போட்டு, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு மணிக்கு வெங்காயத்தை மட்டும் ஓர் ஆளிடம் கொடுத்து அனுப்பினார். இந்த முறை இரண்டு கைமுட்டி அளவு இருந்தது.

ஒன்பது மணிக்குப் பாதிரியார் மணியடித்தார். வெளியூர்க்காரர்கள் பாய்ந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஷூ கயிற்றைக் கட்ட உட்கார்ந்தோம்.

ஆடுகள் வந்தன. எழுந்தோம்.

முதல் கிலோமீட்டரிலேயே ஊர்க்காரர்கள் பலர் அலுத்துப்போய் ஆடுகளுக்குப் பின்னால் போய், அப்படியே திரும்பி பாருக்குப் போய்விட்டார்கள். பைன் காட்டு ஏற்றத்தில் கடைசியில் மூன்று பேர் மிஞ்சினோம். லிசினியோ, நான், சரகோசாவிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர். பெயர் நூரியா. ஐம்பது வயது, வலது முழங்காலில் பட்டை. அவருக்கு வெங்காயத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் உண்மையாகவே மெதுவானவர். இது எங்கள் இருவருக்கும் பெரிய சிக்கலாக இருந்தது.

"நீங்க முன்னாடி போங்க மேடம்," என்றார் லிசினியோ. "காட்சி நல்லா இருக்கும்."

"இல்லங்க. இந்தப் பொண்ணுக்கு முடியல பாருங்க. நான் விட்டுட்டுப் போக மாட்டேன்." என் தோளில் கை வைத்தார். "கண்ணு, மூச்ச மூக்கால இழு. நாம ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேரலாம். சரியா?"

நான் தலையாட்டினேன். லிசினியோ சிகரெட் பற்ற வைத்தார்.

"நீ எதுக்கு வந்த?" என்று என்னைக் கேட்டார், நூரியா கொஞ்சம் முன்னால் போனதும்.

"சும்மா."

"சும்மா வர்றவ ஆட்டுக்கு முன்னாடி ரெண்டடியில நடப்பாளா? எனக்கு அந்த எடம் வேணும். பதினோரு மாசமா மனசுக்குள்ள எழுதி வச்சிருக்கேன். என் மச்சான் சீட்டுல எப்படித் திருடுறான்னு. எந்தக் கையில எந்தச் சீட்டுன்னு, தேதியோட. நீ என்ன சொல்லப்போற? நீ வாயத் தொறந்தே நான் பாத்ததில்ல. காபிக்குக் கூட வெரலக் காட்டுவ."

நான் விரலைக்கூடக் காட்டவில்லை. நடந்தேன்.

பாதிரியார் குண்டியைத் தாண்டினோம். அது இரண்டாகப் பிளந்த வழவழப்பான சுண்ணாம்புப் பாறை, வேறு பெயர் வைக்க முடியாது. நூரியா அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டார். லிசினியோ சொன்னார். அவர் சிரித்ததில் அரை நிமிடம் போனது. ஆடுகளின் மணி என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

நாலாவது கிலோமீட்டரில் பிணந்தின்னிக் கழுகுகளுக்குத் தீனி போடும் மேடு வருகிறது. செத்த ஆடு, பன்றி எல்லாம் அங்கே கொண்டுபோய்ப் போடுவோம். பலகையில் "கழுகுப் பார்வைமுனை" என்று எழுதியிருக்கிறேன். சுற்றுலா அலுவலகத்துக்கு மிகவும் பிடித்த பெயர் அதுதான். முந்தாநாள் அம்மா ஒரு கிழட்டுப் பெண்பன்றியை அங்கே போட்டிருந்தாள். இருபது முப்பது கழுகுகள் பாறைமேல் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. லிசினியோவைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தன.

அப்போது காற்று திரும்பியது.

நூரியா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஓடினார். அந்த முழங்காலோடு அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார். பிறகு பார்த்தபோது அவர் நாற்பத்தோராவது இடம்.

"உங்கம்மா பன்னிய நான் தப்பா பேச மாட்டேன் இனிமே," என்றார் லிசினியோ.

ஆற்றோரம் ஒரு மணி நேரம் நடந்தோம். தண்ணீர் இல்லாத ஆறு. கரையில் நாணல். எதிர்ச் சரிவில் அறுத்த கோதுமைத் தாள் வெள்ளையாகக் கிடந்தது. இதை எல்லாம் நான் ஆறு மாதமாகத் தினமும் விடியற்காலையில் தனியாக ஓடிப் பார்த்திருக்கிறேன். நான் ஓடுவேன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஒன்பது புள்ளி நான்கு கிலோமீட்டரை நாற்பத்து மூன்று நிமிடத்தில் ஓடுவேன். சேவல் எனக்குக் கிடைத்திருக்கும்.

தோப்புக்கு வந்தபோது பத்தே முக்கால். நாற்பது ஜோடி ஷூக்கள் எருவை மிதித்துக் கூழாக்கியிருந்தன. நடுவில் செனோன் மாமா குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் நல்லா மெதிச்சுட்டுப் போயிட்டானுங்க," என்றார். "டிராக்டர் வச்சாக் கூட இப்படி உழ முடியாது. ஒருத்தன் நன்றி சொல்லிப் படம் வேற எடுத்துக்கிட்டான்."

"செனோன், ஒரு மடக்கு குடு," என்றார் லிசினியோ. மாமாவின் காலடியில் மதுப்பை இருந்தது.

"எனக்கு எதிராக் கை தூக்கப் போறவனுக்கு என் மதுவா? போய்யா."

லிசினியோ தலையைக் குனிந்துகொண்டு எருவில் இறங்கினார். மாமா என்னைப் பார்த்தார்.

"நில்லு. நீதான் கல்லு மண்ணெல்லாம் படிச்சவ. பேப்பர் எல்லாம் வாங்கிப் பாக்குறவ. தபால்காரன் சொன்னான். நீ சொல்லு. என் தோப்புல பாதை இருக்கா, இல்லையா?"

பின்னால் ஆடுகள் தோப்புக்குள் நுழைந்தன. கிடா என் முழங்கால் மடிப்பை மோந்து பார்த்தது.

வாயைத் திறந்தேன். அங்கே அவரிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? அவர் பன்னிரண்டு மணிக்குக் கூட்டத்தில் கத்துவார். அம்மா அதைவிடச் சத்தமாகக் கத்துவாள். என் பெயரைச் சொல்வார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். எனக்குக் குரல் வராது. கை தூக்குவார்கள்.

"மாமா," என்றேன், "வெங்காயம் காரமா?"

"என்னடி கேள்வி இது?" மடியிலிருந்த ரேடியோவை அணைத்தார். "காரந்தான். இந்த வருஷம் தண்ணியே விடல. ஏன்?"

"முற்றத்துக்கு வாங்க."

"எதுக்கு? என் மரத்த வெட்டக் கை தூக்குறதப் பாக்கவா?"

"வாங்க மாமா."

ஆடுகள் தள்ளின. நான் போனேன். திரும்பிப் பார்த்தபோது நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்.

களத்துமேட்டுக்கும் கோயில் முற்றத்துக்கும் நடுவே இருநூறு மீட்டர். முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர் முழுக்க நின்றது. வெளியூர்க்காரர்கள் எருவோடு நின்றார்கள், சேவல்கள் கூண்டில் கத்தின. லிசினியோ கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்றார். நானும் நின்றேன்.

"தாண்டு," என்றார்.

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"பொண்ணே, நான் நூத்திப் பத்து கிலோ. ஒன்பது கிலோமீட்டர் நடந்துருக்கேன். என் மச்சான் அதோ நிக்கிறான் பாரு, வேர்த்துக் கொட்டுது அவனுக்கு. எனக்கு இந்த ஒரு நாள்தான்."

கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். "லிசினியோ, பொண்ணுக்கு விட்டுக் குடுக்காதய்யா!" வேறொருவர், "ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா, அங்கயே நிக்கிறீங்க?" என்றார். சிரித்தார்கள். அம்மா வெங்காயத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஆடுகள் முற்றத்துக்குள் திரும்பின. முப்பது அடி. இருபது.

"சரி, யாரப் பத்தி?" என்று லிசினியோ மெல்லக் கேட்டார். "அது மட்டும் சொல்லு. பாதிரியாரா?"

"இல்ல."

"என் மச்சானா? அவனப் பத்தின்னா நீயே சொல்லு, நான் தேதி எல்லாம் எடுத்துத் தர்றேன்."

"இல்ல."

"பின்ன யாரப் பத்தித்தான்?"

பத்து அடி.

"எங்க வீட்டப் பத்தி."

லிசினியோவின் சிகரெட் கீழே விழுந்தது. முகம் மாறியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். பாரில் யாராவது குரலைத் தாழ்த்தினால் அவர் கோப்பை துடைப்பதை நிறுத்திவிட்டு வைத்துக்கொள்ளும் முகம்.

"அம்மாடி," என்றார். "ப்ரெசென் முன்னாடியே ப்ரெசென் வீட்டப் பத்தியா? மச்சான் எங்க போயிடப் போறான். அடுத்த வருஷமும் திருடுவான்."

ஒரே எட்டில் கோட்டைத் தாண்டினார். தாண்டியதும் திரும்பி, நல்ல இடமாகப் பார்த்து முன்வரிசையில் நின்றுகொண்டார்.

கிடாவின் மூக்கு என் பின்பக்கத்தில் பட்டது. நான் தாண்டினேன்.

அம்மா தட்டை நீட்டினாள். தலைவிதான் கொடுக்க வேண்டும், அது வழக்கம்.

"இது என்ன வேல?" என்றாள், உதடு அசையாமல்.

நான் வெங்காயத்தை எடுத்தேன். ஒரு கையில் அடங்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் செனோன் மாமா மடித்த நாற்காலியோடு வந்து நிற்பது தெரிந்தது. முற்றத்துச் சுவரில் கோயில் கடிகாரம் பதினொன்று இருபத்தைந்து காட்டியது.

கடித்தேன்.

தண்ணீர் விடவில்லை என்று அவர் சொன்னது உண்மை. மூக்கு, கண், காது எல்லாம் ஒன்றாக எரிந்தன. மெல்ல மெல்ல எல்லோரும் மங்கலானார்கள். அம்மா மங்கலானாள். அது வசதியாக இருந்தது. "முழுங்கு, முழுங்கு" என்று தாளம் போட்டார்கள். நூரியா கூட்டத்தில் பதறுவது கேட்டது, "யாராவது அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடுங்களேன்." யாரோ அவருக்கு விளக்கினார்கள். கடைசி வாயை விழுங்கியபோது தாளம் நின்றது. பிறகு ரொட்டிக்காரர் தொப்பியைக் கழற்றினார். ஆடுகள்கூட நின்றுவிட்டன.

வால்தெகார்தோ இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் சின்னக் குரல் அதில் முழுதாகக் கேட்டது.

"நம்ம மல முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு," என்றேன். "செவப்புக் கல்லு இங்க எங்கயும் கெடையாது. மந்தைப் பாதைக்கு எல்லைக்கல்லு நட்டவங்க அத வெளியூர்லேந்து கொண்டாந்தாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு சிலுவ வெட்டியிருக்கும். ஆத்தோரமா அஞ்சு கல்லு இன்னும் அப்படியே நிக்குது. ஆறாவது காணல."

அம்மா தட்டைக் கீழே இறக்கினாள்.

"ஆறாவது கல்ல நேத்து காலைல கடப்பாறையால நெம்பி அடியில பாத்தேன். சிலுவ இருக்கு. எங்க பன்னிக் கொட்டகை வாசப்படி அது. பாதை செனோன் மாமா தோப்புல போகல. எங்க கொட்டகைக்கு நடுவுல போகுது. எங்க தாத்தாதான் அத மறிச்சுக் கட்டினாரு."